‘அங்கே’ என்று பெயரிட்ட கடிகாரம்

“இன்னும் கண்டுபிடிக்கலையா?”

“என்னத்த?”

“என்னத்தயா? நேத்து வெச்சத. ரொம்பச் சுலபமானதுன்னு வேற சொன்னேன்.”

“தேடிட்டுத்தான் இருக்கேன்.”

“கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுட்டுத் தேடு, கொசு. வியாழக்கிழமை மத்தியானத்தோட உன் கெடு முடியுது. அப்புறம் ஒரு மாசத்துக்கு ஜன்னல் பக்கம் எனக்கு. அழக் கூடாது.”

அக்கா நாற்காலியை விட்டு எழுந்து, இரண்டு கைகளையும் கோத்து மேலே தூக்கிச் சோம்பல் முறித்தாள். அவள் உட்கார்ந்திருந்த சூடு நாற்காலியில் அப்படியே இருந்தது. தினமும் மத்தியானம் மூன்று மணிக்கு நான் அந்தச் சூட்டின் மேல்தான் உட்காருகிறேன். அன்று உட்கார்ந்தபோது எனக்குள் மட்டும் ஏதோ குளிர்ந்தது.

ஏனென்றால் நான் நேற்றே கண்டுபிடித்துவிட்டேன். கண்டுபிடித்ததற்கு அடையாளமாக அதை இன்னொரு சுற்றுத் திருப்பியும் வைத்துவிட்டேன். அக்காவுக்கு அது தெரியவில்லை என்றால், நான் கண்டுபிடித்தது அவள் ஆட்டத்துக்காக வைத்தது இல்லை. அப்படியானால் நான் எதைத் திருப்பிவைத்தேன்?

எங்கள் வீட்டில் மடிக்கணினி ஒன்றுதான். முன்பு இரண்டு இருந்தன. என்னுடையது ஒரு நாள் முழு டம்ளர் தண்ணீரைக் குடித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டது. அன்றிலிருந்து காலை எட்டு மணி முதல் மூன்று வரை இருப்பது அக்காவுடையது, மூன்றிலிருந்து விளக்குப் போடும் நேரம் வரை என்னுடையது. அக்கா ஒரு காலணிப் பட்டறைக்காக வடிவங்கள் வரைகிறாள். தைப்பதற்கு முன்னால் ஒரு காலணி எப்படி இருக்கும் என்று நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். தட்டையாக, துண்டு துண்டாக, முயல் காது போல ஒன்று, கவிழ்ந்த படகு போல ஒன்று, நாக்கு போல ஒன்று. திரை முழுவதும் அவை மிதந்துகொண்டிருக்கும். மூன்று மணிக்கு மேல் அதே திரையில் நான் மருத்துவர்கள் பேசி அனுப்பும் குறிப்புகளைக் காதில் கேட்டுத் தட்டச்சு செய்வேன். இடது முழங்கால், மூன்று வாரமாக வீக்கம், படி ஏறும்போது வலி.

“பெரியவ செருப்பு மாட்டி அனுப்புறா, சின்னவ கால்வலின்னு எழுதி வெக்கிறா. நல்ல தொழில்டி ரெண்டு பேருக்கும்,” என்பாள் அம்மா. அம்மா ஒரு விடுதியின் சலவைக் கூடத்தில் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போடுகிறாள். வீட்டுக்கு வரும்போது அவள் மேல் எப்போதும் சூடான பருத்தியின் வாசனை இருக்கும்.

இரண்டு பேருக்கும் தனித்தனிக் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள், ஆளுக்கொரு கடவுச்சொல் போட்டுக்கொள்ளுங்கள் என்று கணினிக் கடைக்காரர் சொன்னார். ஒரு வாரம் அப்படி வைத்துப் பார்த்தோம். ஒரே வீட்டில் இருந்துகொண்டு பக்கத்து வீட்டுக்காரர்கள் ஆகிவிட்டது போல இருந்தது. எட்டாம் நாள் அக்காவே ஒரு கணக்கை அழித்துவிட்டு, “ஒரு மேஜைதான், தள்ளி உக்காந்துக்கலாம்,” என்றாள்.

ஆட்டம் அதற்குப் பிறகுதான் தொடங்கியது. ஒரு மத்தியானம் உட்கார்ந்தால், திரையின் அடியில் இருக்க வேண்டிய பொத்தான் பட்டை இடதுபுறம் நின்றுகொண்டிருந்தது. காலணி வரைய உயரம் போதவில்லை என்று அக்கா அதைத் தள்ளி வைத்திருந்தாள். எனக்குக் கோபம். அதை இழுத்துத் தலைக்கு மேலே வைத்துவிட்டு எழுந்தேன். மறுநாள் அது வலதுபுறம் இருந்தது. யாரும் யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை. நான்காம் நாள் அது மீண்டும் அடிக்கே வந்தது. ஆனால் குப்பைக்கூடையின் பெயர் ‘கட்டிலுக்கு அடியில்’ என்று மாறியிருந்தது. நான் தனியாக உட்கார்ந்து வெகு நேரம் சிரித்தேன்.

பிறகு விதிகள் வந்தன. எழுந்திருப்பவள், தோன்றும் நாளில், ஒரே ஒரு மாற்றம் செய்துவிட்டுப் போகலாம். உட்காருபவள் அதைக் கண்டுபிடிக்க வேண்டும். அது எது என்று வாயால் சொல்லக் கூடாது, கேட்கவும் கூடாது. கண்டுபிடித்ததற்கு ஒரே சாட்சி, அதே இடத்தில் இன்னொரு சுற்றுத் திருப்பி வைப்பதுதான். திரையில் நகரும் அம்பை அவள் பெரிதாக்கியிருந்தால் நான் அதை மஞ்சளாக்க வேண்டும். மூன்று நாள் கெடு. அதற்குள் கண்டுபிடிக்க முடியாவிட்டால், வைத்தவளே காட்டிவிட வேண்டும். தோற்றவள் கட்டிலில் சுவர்ப் பக்கம் போக வேண்டும்.

இப்படியே அந்த மடிக்கணினி எங்கள் இருவருக்கும் நடுவில் மெல்ல மெல்ல வேறொரு வீடாக மாறியது. ஒரு முறை அக்கா நாட்காட்டியில் வாரத்தின் முதல் நாளைப் புதன் என்று மாற்றிவிட்டாள். இரண்டு நாள் எனக்குத் தெரியவில்லை. ஆனாலும் அந்த இரண்டு நாளும் ஏதோ ஒன்று நடுவிலிருந்து தொடங்குவது போலவே இருந்தது. இன்னொரு முறை நான் திரையின் நிறத்தைத் தினமும் ஒரு கோடு மஞ்சள் பக்கம் நகர்த்தினேன். முதலில் அந்திவெயில், பிறகு தேன். அக்கா கண்டுபிடித்தபோது அவள் வரைந்த காலணிகள் எல்லாம் பழுத்த இலைகளாக இருந்தன.

“இது மூணு மாத்தம். கள்ளாட்டம்,” என்றாள்.

“ஒண்ணுதான். மெதுவா நடந்துச்சு.”

“வாய் மட்டும் இல்லன்னா உன்ன எப்பவோ அடிச்சு ஜன்னல்ல ஒட்டியிருப்பாங்க.” கொசு என்பது என் பட்டப்பெயர். காதருகே நின்று ஓயாமல் பேசுவேன் என்று சின்ன வயதில் அக்கா வைத்தது.

திங்கட்கிழமை அக்கா எழும்போது, “இன்னிக்கு வெச்சிருக்கேன். ரொம்பச் சுலபம்,” என்றாள். நான் வழக்கம் போலத் தேடினேன். எழுத்துருக்கள், நிறங்கள், அம்பு, கோப்புறைகளின் படங்கள், ஜன்னல்கள் திறக்கும் வேகம் எல்லாம் அப்படியே இருந்தன. கடைசியில், எதையும் எதிர்பாராமல், திரையின் மூலையில் இருந்த மணியின் மேல் அம்பைக் கொண்டுபோய் நிறுத்தினேன். ஒரு சிறு பெட்டி எழும்பியது. அதில் இரண்டு கடிகாரங்கள் இருந்தன. ஒன்று எங்களுடையது. அதன் கீழே இன்னொன்று, நாலரை மணி நேரம் பின்னால். அதற்குப் பெயர் ‘அங்கே’.

அழகாக இருந்தது. அதற்கு மேல் எனக்கு எதுவும் தோன்றவில்லை. எங்கள் அறையில் மத்தியான வெயில் திரைச்சீலையைத் தாண்டித் தரையில் விழுந்து கிடந்தது, அங்கே அப்போதுதான் காலை. அங்கே யாரோ பல் துலக்கிக்கொண்டிருப்பார்கள், ஈரத் தெருவில் முதல் பேருந்து திரும்பிக்கொண்டிருக்கும் என்று நினைத்தபடி கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். அக்காவின் ஆட்டங்களிலேயே இதுதான் உயர்ந்தது என்று நினைத்தேன். பிறகு விதிப்படி அமைப்புகளைத் திறந்து, ஊர்களின் பட்டியலில் நகர்ந்து, அந்தக் கடிகாரத்தை இன்னொரு மணி நேரம் பின்னால் தள்ளிவைத்தேன். இப்போது அது ஐந்தரை மணி நேரம் பின்தங்கியிருந்தது. பெயரைத் தொடவில்லை. நாளைக்கு அக்கா பார்த்துவிட்டு உதட்டைக் கடித்துச் சிரிப்பாள் என்று நினைத்துக்கொண்டே என் முழங்கால்களுக்குத் திரும்பினேன்.

செவ்வாய்க்கிழமை அவள் சிரிக்கவில்லை. இன்னும் கண்டுபிடிக்கலையா என்று கேட்டாள்.

அன்று தட்டச்சு வேலையை ஓரமாக வைத்துவிட்டு மீண்டும் தேடினேன். இந்த முறை ஆட்டத்துக்காக இல்லை. எங்கள் இருவருக்கும் ஒரே மேஜை என்பதால் அதில் எதையும் ஒளிக்க இடம் கிடையாது. எல்லா ஜன்னல்களையும் சுருக்கியபோது, அடியில், திரையின் பின்னணியாக வைத்திருந்த எங்கள் கட்டில், ஜன்னல் படத்தின் மேல், மஞ்சள் குறிப்புச் சீட்டு ஒன்று ஒட்டியிருந்தது. நான்கு வரி. ‘புதன். அங்கே காலை ஒன்பது. நேர்காணல். வெள்ளைச் சட்டை.’ அதன் அருகே, திங்கட்கிழமை இல்லாத, ‘கால்கள்’ என்று ஒரு புதுக் கோப்புறை. திறந்தேன். அக்கா வரைந்த காலணிகள்தான், ஆனால் எந்த ஜோடியும் ஜோடியாக இல்லை. இடது ஒரு உயரம், வலது ஒரு உயரம். கூடவே ஒரு கடிதம் இருந்தது: ஒரு கால் குட்டையாகப் பிறந்தவர்களுக்காகச் செய்யும் வெளிநாட்டு நிறுவனமாம், அங்கே. வரைந்து காட்டச் சொல்லியிருக்கிறார்கள், வேலை கிடைத்தால் அங்கேயே போக வேண்டுமாம். அவள் வரைந்திருக்கிறாள், யாரிடமும் சொல்லாமல், காலை வேளைகளில்.

ஆக, அந்தக் கடிகாரம் ஆட்டம் இல்லை. அக்காவுக்கு மில்லிமீட்டர் வரும், மணிக்கணக்கு வராது. நாலரையைக் கழிக்கச் சொன்னால் விரலை மடக்கிக்கொண்டு கூரையைப் பார்ப்பாள். அதனால்தான் மணியையே கொண்டுவந்து மூலையில் மாட்டியிருந்தாள். பார்த்தவுடன் தெரிய வேண்டும் என்று. அதை நான் தள்ளிவைத்திருக்கிறேன்.

திருப்பி வைக்க நான்கு சொடுக்குப் போதும். அமைப்புகள் வரை போனேன். ஊர்களின் பட்டியலும் திறந்தது. அம்பு சரியான வரியின் மேல் நின்றது. அப்போது நான் அறையைப் பார்த்தேன். கட்டிலில் இரண்டு தலையணைகள், அவளுடையதில் தலை பதிந்த பள்ளம். திரைச்சீலை உள்ளே வந்து வெளியே போய்க்கொண்டிருந்தது. மூன்று மணிக்கு நாற்காலி சூடாக இருக்காது என்ற ஒரு நினைவு, தண்ணீர் ஏறுவது போல, சத்தமில்லாமல் என் கணுக்கால் வரை வந்தது. நான் பட்டியலை மூடிவிட்டேன். நாளைக்குக் காலையில் சொல்லிக்கொள்ளலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

காலையில் சொல்லவில்லை.

புதன்கிழமை அம்மாவுக்கு விடுமுறை. வேலை நாள் முழுவதும் இஸ்திரி போடுகிறவள் விடுமுறை நாளிலும் இஸ்திரிதான் போட்டாள், அக்காவின் வெள்ளைச் சட்டைக்கு.

“என்னடி திடீர்னு வெள்ளைச் சட்ட? எவனாவது பொண்ணு பாக்க வர்றானா?”

“ஆமாம்மா. கம்ப்யூட்டர் வழியா வர்றான். நீ காலரை நல்லாப் போடு. காலர் மட்டும்தான் தெரியும்.”

“கீழ?”

“கீழ நைட்டி.”

அம்மா சிரித்தாள். அக்காவும் சிரித்துவிட்டு, துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போனாள். சமையலறைச் சுவர்க் கடிகாரத்தில் மணி ஒன்று பத்து. அங்கே எட்டு நாற்பது. மடிக்கணினியின் மூலையில் மட்டும், என் கைங்கரியத்தால், ஏழு நாற்பது.

நான் சமையலறை வாசலில் நின்றேன். குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம், அதற்கு மேலே அக்காவின் பாட்டு. வரிகள் தெரியாத இடங்களில் அவள் முனகி ஒப்பேற்றுவாள். ஒன்று இருபது. கதவைத் தட்டி, அக்கா மணி தப்பு, என்று சொன்னால் போதும். மூன்றே சொல். நான் மருத்துவர்களின் வேகத்துக்குத் தட்டச்சு செய்கிறவள், நிமிடத்துக்கு எண்பது சொல் போகும் என் விரல். அந்த மூன்று சொல்லும் நாக்கின் மேல் வந்து உட்கார்ந்துகொண்டு இறங்க மறுத்தன.

“சுவத்துல என்ன படமா ஓடுது? அப்பிடிப் பாக்குற,” என்றாள் அம்மா.

“மணி பாத்தேன்.”

“மணியப் பாத்தா அது நின்னுடுமா? வந்து இந்தக் கைய மடிச்சுப் பிடி.”

சட்டையின் ஒரு கையை நான் பிடித்துக்கொண்டேன். இஸ்திரிப் பெட்டி அதன் மேல் மெல்ல ஏறி வந்தது. நீராவி எழுந்து எங்கள் இருவர் முகத்துக்கும் நடுவில் ஒரு சிறு மேகமாக நின்றது. அது கலையும்போது ஒன்று முப்பது ஆகியிருந்தது. பிறகு ஒன்று முப்பத்தைந்து. எங்கேயும் எதுவும் இடிந்து விழவில்லை. குளியலறையில் பாட்டு இரண்டாவது முறை முதலிலிருந்து தொடங்கியது.

அக்கா தலை துவட்டி, காலர் மாட்டி, இரண்டு இருபதுக்கு மடிக்கணினி முன்னால் உட்கார்ந்தாள். மணியின் மேல் அம்பை வைத்துப் பார்த்தாள். எட்டு ஐம்பது. “பத்து நிமிஷம் இருக்கு,” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு அஞ்சலைத் திறந்தாள்.

அவள் முதுகுதான் எனக்குத் தெரிந்தது. ஈரக் கூந்தல் வெள்ளைச் சட்டையில் ஒரு கறையைப் பெரிதாக்கிக்கொண்டே போனது. அவள் ஒரே அஞ்சலை மேலும் கீழும் நகர்த்திப் படித்தாள். “அரை மணி நேரம் காத்திருந்தாங்களாம்,” என்றாள். சத்தமே இல்லாத குரல். பிறகு அம்மாவிடமும் என்னிடமும் எல்லாவற்றையும் சொன்னாள். இரண்டு மாதமாக வரைந்தது, அவர்கள் பிடித்திருக்கிறது என்று எழுதியது, கிடைத்த பிறகு சொல்லலாம் என்று இருந்தது.

“ஒம்போதுன்னுதானே சொன்னாங்க? இப்பத்தானே ஒம்போது?” என்றாள் அம்மா, திரையைக் குனிந்து பார்த்து.

“அங்கெல்லாம் வெயில்காலம் வந்தா மணிய ஒரு மணி நேரம் தள்ளி வெச்சுக்குவாங்களாம். எங்கயோ படிச்சேன். என் மண்டையில ஏறல. என் தப்புதான்.”

எனக்கு ஒரு கதவு திறந்துகொடுக்கப்பட்டது. எங்கோ ஒரு தேசத்தின் வெயில் என் தப்பைத் தன் தலையில் ஏற்றுக்கொண்டு நின்றது. நான் அந்தக் கதவு வழியாக வெளியே போய்விட்டேன். “ஆமா, நானும் கேள்விப்பட்டிருக்கேன்,” என்றேன்.

அக்கா மன்னிப்புக் கேட்டு எழுதினாள். எழுதும்போது உதட்டைக் கடித்தாள், சிரிப்பதற்காக இல்லை. மாலையில் பதில் வந்தது. வெள்ளிக்கிழமை, அதே நேரம். அதற்கு மேல் தள்ளிப்போட இயலாது, மன்னிக்கவும்.

அன்று நான் முப்பத்தொரு குறிப்புகள் தட்டச்சு செய்தேன். எந்தக் கால் யாருடையது என்று ஒன்றும் மனதில் நிற்கவில்லை.

வியாழக்கிழமை மத்தியானம் அக்கா எழுந்திருக்கவில்லை. நாற்காலியில் பாதியை எனக்கு விட்டுத் தள்ளி உட்கார்ந்தாள்.

“கெடு முடிஞ்சிருச்சு. தோத்தேன்னு சொல்லு.”

“தோத்தேன்.”

“என்ன இவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கிட்ட? ஒரு சண்டகூட இல்ல. காய்ச்சலா?” புறங்கையால் என் கழுத்தைத் தொட்டுப் பார்த்தாள். “சரி. காட்டுறேன். ஆனா கொஞ்ச நேரம் ஆகும். காத்திருக்கணும்.”

“எதுக்கு?”

அவள் விரலால் காட்டினாள். மின்கம்பி மடிக்கணினியிலிருந்து பிடுங்கப்பட்டுத் தரையில் சுருண்டு கிடந்தது. மூலையில் மின்கலத்தின் அளவு பதினான்கு விழுக்காடு. “காலையிலயே பிடுங்கிட்டேன். பத்துக்கு வரட்டும்.”

காத்திருந்தோம். ஒரு எண் குறைவதற்காக இரண்டு பேர் ஒரே நாற்காலியில் உட்கார்ந்து காத்திருப்பது விசித்திரமாக இருந்தது. திரையில் எங்கள் ஜன்னலின் படம். அதற்குப் பின்னால் உண்மையான ஜன்னல். எதிர்வீட்டு மாடியில் யாரோ ஒரு பாயை உதறினார்கள். தூசி வெயிலில் மினுமினுத்து எந்த அவசரமும் இல்லாமல் இறங்கியது. பதின்மூன்று.

“அக்கா, அந்த ஊர்ல ஜன்னல் எப்பிடி இருக்கும்?”

“கிடைக்கட்டும் முதல்ல. கிடைக்காமயே ஜன்னல் கேக்குறா.”

“சும்மா சொல்லேன்.”

“இரட்டைக் கண்ணாடியாம். குளிருக்கு. வெளிய மழை பெஞ்சாக்கூடச் சத்தம் கேக்காதாம்.” கொஞ்சம் யோசித்தாள். “நீ கத்தினாலும் கேக்காது. நிம்மதி.”

பன்னிரண்டு. பதினொன்று. அவள் தோள் என் தோளில் சாய்ந்திருந்தது. இந்த எண் இறங்காமல் இங்கேயே நின்றுவிட்டால் என்ன என்று நினைத்தேன். பதினொன்றில் ஒரு மத்தியானம் முழுவதும், ஒரு வருடம் முழுவதும், எதிர்வீட்டுத் தூசி தரையைத் தொடாமலே.

பத்து.

மடிக்கணினி பேசியது. அக்காவின் குரல். பக்கத்தில் அவள் வாய் மூடியிருக்க, பெட்டிக்குள்ளிருந்து அவள் குரல், காலை நேரத்துத் தூக்கக் கலக்கத்தோடு: “கொசு... கரண்ட்டு தீரப்போவுது. சொருகு.”

நான் அவளைத் திரும்பிப் பார்த்தேன்.

“எப்பவும் கம்பிய மாட்டியே வெச்சிருப்ப. அதான் மூணு நாளும் உனக்குக் கேக்கல,” என்றாள். “சார்ஜ் குறைஞ்சா டிங்னு ஒண்ணு அடிக்கும்ல, அந்த டிங்க எடுத்துட்டு என் குரல வெச்சேன். செட்டிங்ஸ்ல ஒலின்னு ஒரு இடம் இருக்கு. ரொம்பச் சுலபம்.” பிறகு, திரையைப் பார்த்தபடியே, “நான் இல்லன்னா நீ எல்லாத்தயும் தீர விட்டுடுவ,” என்றாள்.

கம்பியைச் சொருக என் கை நீண்டது. பாதி வழியில் நின்றுவிட்டது.

“அக்கா. நானும் ஒண்ணு மாத்தினேன்.”

“எப்ப? உன் முறை இல்லையே.”

“திங்கக்கிழமை. நீ வெச்சதுன்னு நெனச்சுத் திருப்பி வெச்சேன். அது நீ வெச்சது இல்ல.”

அவளுக்குப் புரியவில்லை. நான் அம்பை மணியின் மேல் கொண்டுபோய் நிறுத்தினேன். பெட்டி எழும்பியது. இரண்டு கடிகாரங்கள். அக்கா அதைப் பார்த்தாள். விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினாள், கூரையைப் பார்த்தாள், திரும்பவும் மடக்கினாள். கணக்கு அவளுக்கு வந்து சேர்வதை நான் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

“வெயில்காலம் இல்ல,” என்றாள்.

“இல்ல.”

“ஆட்டம்னு நெனச்ச. சரி. தெரியாமத்தான் பண்ணின. விடு...”

அங்கேயே நிறுத்திக்கொண்டிருக்கலாம். இரண்டாவது கதவு, முதலாவதைவிட அகலம். “செவ்வாக்கிழமையே தெரியும்,” என்றேன். “நீ இன்னும் கண்டுபிடிக்கலையான்னு கேட்டப்பவே. சீட்டையும் பாத்தேன். மாத்தறதுக்குப் போயி, மாத்தாம வந்தேன்.”

“நான் குளிச்சிட்டிருந்தப்ப?”

“தெரியும். சமையலறையில நின்னு மணியப் பாத்துட்டிருந்தேன்.”

அக்கா எழுந்தாள். நாற்காலி முழுவதும் எனக்கு வந்தது. எனக்கு அது வேண்டாமாக இருந்தது. ஜன்னலுக்குப் போய், வெளியே பார்த்து நின்றாள். அடிப்பாள், கத்துவாள் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“நான் பாடினது கேட்டுச்சா உனக்கு?” என்றாள், திரும்பாமலே.

“கேட்டுச்சு.”

“ரெண்டு தடவ பாடினேன். சந்தோஷத்துல.”

எதிர்வீட்டுப் பாயை மடித்துக்கொண்டு போய்விட்டார்கள். தெருவில் ஒரு சைக்கிள் மணி அடித்துக்கொண்டே போனது. மின்கலம் ஒன்பதுக்கு வந்தது.

“அம்மாகிட்ட சொல்லாத,” என்றாள் அக்கா. “வெயில்காலம்னே இருக்கட்டும். அம்மாவுக்கு அந்த ஊரு மேலதான் கோவம், அப்பிடியே இருக்கட்டும்.” மூக்கை உறிஞ்சினாள். அது அழுகையா சிரிப்பா என்று எனக்குத் தெரியவில்லை. “பெருசா வந்துட்டா, மணிய நிறுத்திவெக்க. லூசு.”

திரும்பி வந்தாள். தரையிலிருந்து கம்பியை எடுத்துத் தானே சொருகினாள். நாற்காலிக்குப் பின்னால் நின்று, என் தலைக்கு மேலாகக் கையை நீட்டி அமைப்புகளைத் திறந்தாள். ஊர்களின் பட்டியல் விரிந்தது. உலகம் முழுவதும், வரி வரியாக, ஒவ்வொரு ஊரும் தன் மணியோடு. அவள் கை சுட்டியை விட்டுவிட்டு என் தோளில் வந்து நின்றது. கனமாக இருந்தது.

அம்பு எங்கேயோ ஒரு தீவின் பெயர் மேல் துடித்துக்கொண்டிருந்தது.

“நாளைக்கு அங்க ஒம்போது மணிக்கு. நான் விரலும் மடக்கப் போறதில்ல, அம்மாவோட கடிகாரத்தயும் பாக்கப் போறதில்ல. இது எத்தன காட்டுதோ அத நம்பித்தான் உக்காரப் போறேன்,” என்றாள் அக்கா. “நீயே சரியா வெச்சுக் குடு, கொசு.”